சித்திரை வெயிலுக்கு ஒரு சென்ட்: பிரைட் கிரிஸ்டலா, ஓ தாந்த்ரா?

தோஹாவில் வேலை பார்க்கும் தம்பி மே மாதம் பிள்ளைகளோடு ஊருக்கு வருகிறான். போன வாரம் அழைத்தபோது, “அக்கா, உங்களுக்கு ஒரு சென்ட் வாங்கி வருகிறேன். அந்த இரண்டில் எது என்று விஷுவுக்குள் சொல்லிவிடுங்கள்” என்றான். போன ஆடியில் வந்தபோது இரண்டு மாதிரிக் குப்பிகளை என் கையில் தந்துவிட்டுப் போயிருந்தான். ஒன்று வெர்சாச்சியின் பிரைட் கிரிஸ்டல். மற்றது ஷனெலின் சான்ஸ் ஓ தாந்த்ர். கடைகளில் ‘ஓ டெண்டர்’ என்று கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள். இரண்டும் பழமும் பூவும் கலந்த மணங்கள். இரண்டும் இளஞ்சிவப்பு. முதல் தடவை முகர்ந்தால் அக்கா தங்கை என்றே தோன்றும்.

குப்பிக்கு இரண்டு மில்லி. இருபது தடவை அழுத்தினால் தீர்ந்துவிடும். அதனால் கண்டபடி பூசிக்கொள்ளாமல், ஆடிச் சாரலில் சில நாள், ஐப்பசி மழையில் சில நாள், மாசி பங்குனி வெயிலில் மீதி என்று பிரித்து வைத்துப் போட்டுப் பார்த்தேன். பூசிய நேரம், போன இடம், எப்போது மங்கியது, யார் என்ன சொன்னார்கள் என்பதைப் பழைய பாடக்குறிப்பேட்டின் பின்பக்கத்தில் எழுதியும் வைத்திருக்கிறேன். வேதியியல் ஆசிரியை என்பதால் வந்த பழக்கம். பல ஆயிரம் ரூபாய்ப் பொருள், அதுவும் தம்பி பாலைவன வெயிலில் நின்று சம்பாதித்த காசு. பீரோவுக்குள் கிடந்து அது வீணாகிவிடக் கூடாது.

எங்கள் மாவட்டத்து வெயிலை முதலில் சொல்ல வேண்டும். மதுரையிலும் திருநெல்வேலியிலும் அனல் அடிக்கும்; வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும். குமரி மாவட்டத்தில் வெப்பமானி அந்த அளவுக்கு ஏறுவதில்லை. ஆனால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை, நடுவே குளமும் வயலும் வாழைத்தோப்பும். காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை காயாமல் தோலிலேயே நிற்கும். காலையில் தக்கலையில் பஸ் ஏறி, வில்லுக்குறியும் சுங்கான்கடையும் பார்வதிபுரமும் தாண்டி வடசேரியில் இறங்குவதற்குள் ரவிக்கையின் முதுகு நனைந்துவிடும்.

இந்த ஈரவெப்பத்தில் சென்டின் நடை மாறிவிடுகிறது. எலுமிச்சை இனத்து மணங்கள் எளிதில் ஆவியாகிறவை. சூடு கூடினால் இன்னும் வேகமாகப் பறந்துவிடும். குளிர்ந்த அறையில் அரை மணி நேரம் நிற்கிற குளுமை, பங்குனி வெயிலில் பத்து நிமிடத்தில் காணாமல் போகிறது. மெல்ல மெல்ல வெளிவர வேண்டிய இனிப்பும் கனமும் அவசரப்பட்டு மேலே ஏறிவிடுகின்றன. வியர்வை வேறு தன் பங்குக்குக் கொஞ்சம் கழுவிக்கொண்டு போகும். ஆகவே குளிரூட்டிய கடையில் காகிதத் துண்டை முகர்ந்து முடிவெடுப்பது எங்கள் ஊருக்கு ஒத்து வராது. தோலில் பூசி, வெளியே வந்து, பஸ் ஏறி, இரண்டு மணி நேரம் கழித்து என்ன மிஞ்சியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். இந்த இரண்டு சென்டுகளையும் நான் எடைபோட்டது அந்த மிச்சத்தை வைத்துத்தான்.

பழமணத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. சித்திரை மாதம் வீட்டுக்குள் ஒரு சக்கை (பலா) பழுத்தால் தெருமுனையிலேயே தெரிந்துவிடும். முற்றத்தில் நிற்பவர்களுக்கு நாவூறும். அதே சக்கையோடு கதவைச் சாத்திய அறையில் படுக்க நேர்ந்தவர்களுக்குத் தலை வலிக்கும். கொல்லாம்பழத்தின் (முந்திரிப்பழத்தின்) நெடியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வெயில் நாளில் நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பறைக்குள் பழச் சென்ட் பூசிக்கொண்டு போகிறவள் இதை நினைக்காமல் இருக்க முடியாது. ஆஸ்துமாவோ ஒற்றைத் தலைவலியோ உள்ள பிள்ளை ஒன்று இருந்தால்கூட, ஆசிரியை பூசிய மணம் அந்தப் பிள்ளைக்குத் தண்டனையாகிவிடும்.

பன்னிரண்டாம் வகுப்புக்கு எஸ்டர் சோதனை செய்து காட்டும் நாளில் எங்கள் ஆய்வகம் முழுவதும் பழ வாசனை அடிக்கும். ஓர் ஆல்கஹால், ஒரு கரிம அமிலம், சில துளி அடர் கந்தக அமிலம், கொஞ்சம் சூடு; அவ்வளவுதான். ஐசோஅமைல் அசிட்டேட்டை முகரக் கொடுத்தால், 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மட்டிப்பழத்தின் ஊர்ப் பிள்ளைகள் ஆயிற்றே, யோசிக்காமல் ‘வாழைப்பழம்’ என்பார்கள். சென்டிலும் இதே கதைதான். அட்டைப் பெட்டியில் மாதுளை, குவின்ஸ் என்று இருப்பதைப் பார்த்து அந்தப் பழங்களைப் பிழிந்து ஊற்றியிருப்பதாக நினைக்க வேண்டாம். மண எண்ணெய் தாராளமாகக் கிடைப்பது எலுமிச்சை, ஆரஞ்சு இனத்துப் பழங்களின் தோலில் இருந்துதான். மாதுளை, பேரி, பீச் போன்றவற்றின் மணத்தை ஆய்வகத்தில் கட்ட வேண்டும். பீச் மணம் தரும் ஒரு பொருளைச் சென்ட் தொழிலில் ‘ஆல்டிஹைடு சி-14’ என்பார்கள். அது ஆல்டிஹைடும் அல்ல, அதில் பதினான்கு கார்பனும் இல்லை. பதினொரு கார்பன் கொண்ட லாக்டோன், அதாவது வளையமாக மூடிய எஸ்டர். 1919இல் கெர்லான் நிறுவனம் வெளியிட்ட மிட்சுகோ என்ற சென்டின் பீச் மணம் இதில் இருந்து வந்தது. வகுப்பில் இந்தப் பெயர்க் குழப்பத்தைச் சொன்னால் லாக்டோன் என்றால் என்ன என்பது பிள்ளைகளுக்கு மறக்கவே மறக்காது.

இனி பிரைட் கிரிஸ்டல். 2006இல் வந்தது. மணத்தை அமைத்தவர் ஆல்பெர்த்தோ மொரியாஸ், ஸ்பெயினின் செவில் நகரில் பிறந்தவர். 1994இல் வந்து உலகம் முழுவதும் பரவிய, கால்வின் கிளைனின் சிகே ஒன் என்ற சென்டை உருவாக்கிய இருவரில் இவர் ஒருவர்; மார்க் ஜேக்கப்ஸின் டெய்சியும் (2007) இவர் கட்டியதே. பிரைட் கிரிஸ்டலின் தொடக்கத்தில் யூசு என்ற ஜப்பானிய எலுமிச்சை இனப் பழமும் மாதுளையும் வருகின்றன. நடுவில் பியோனி, மக்னோலியா, தாமரை. அடியில், அதாவது கடைசிவரை நிற்பவையாக, ஆம்பர், கஸ்தூரி, மஹோகனி மரம்.

யூசுவை நாம் பார்த்ததில்லை. நாரத்தைத் தோலைக் கிள்ளினால் கையில் ஒட்டுமே ஒரு கசப்பான குளுமை, அதில் கொஞ்சம் கமலா ஆரஞ்சின் இனிப்பைச் சேர்த்தால் ஏறக்குறைய அதுதான். பியோனியும் நமக்கு அந்நியம். ரோஜாவில் இருந்து தேனை எடுத்துவிட்டுத் தண்ணீரைச் சேர்த்ததுபோல இருக்கும். மக்னோலியாவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. நம் செண்பகமும் தாவரவியலில் மக்னோலியா பேரினம்தான். ஆனால் செண்பகத்தின் தலையைச் சுற்றவைக்கும் நெடியை எதிர்பார்த்தால் ஏமாற்றமே. இந்தக் குப்பியில் இருப்பது எலுமிச்சைச் சாயல் கொண்ட, மெல்லிய வெள்ளைப் பூவின் மணம். தாமரையும் அப்படித்தான். குளத்தில் பறித்த தாமரையில் தண்டின் பச்சை வாசனையும் சேற்று வாசனையும்தான் முன்னால் வரும். இங்கே அந்தப் பூவின்மேல் தெளித்த தண்ணீர் மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. வெயிலில் தேவைப்படுவது அந்தத் தண்ணீர்தான்.

ஓ தாந்த்ர் 2010இல் வந்தது. ‘தாந்த்ர்’ என்றால் பிரெஞ்சில் மென்மையானது என்று பொருள். 1978 முதல் ஷனெலின் மணங்களைப் பொறுப்பேற்று நடத்திய ஷாக் போல்ஷ் உருவாக்கியது. 2003இல் வெளிவந்த சான்ஸ் என்ற சென்டின் தங்கை இது. தொடக்கத்தில் கிரேப்ஃப்ரூட்டும் குவின்ஸும். நடுவில் ஹயசின்த், மல்லிகை. அடியில் வெண்கஸ்தூரி, அதனோடு ஐரிஸும் செடார் மரமும்.

கிரேப்ஃப்ரூட்டை நம் பம்பளிமாஸின் பிள்ளை என்று சொல்லலாம். பம்பளிமாஸும் சாத்துக்குடி போன்ற இனிப்பு ஆரஞ்சும் கலந்து பிறந்தது. குவின்ஸ், ஆப்பிளுக்கும் பேரிக்கும் உறவான மஞ்சள் பழம். பச்சையாகக் கடித்தால் துவர்க்கும். ஆனால் பழுத்த ஒன்றை அறையில் வைத்தால் அறை மணக்கும். ஹயசின்த் என்றதும் என் சக ஆசிரியை ஒருவர், குளத்தை மூடிக் கிடக்கும் ஆகாயத்தாமரையா என்று கேட்டார். ஆகாயத்தாமரைக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதால் வந்த குழப்பம். இரண்டுக்கும் உறவில்லை. இது தரையில் கிழங்கில் இருந்து முளைத்துப் பூக்கும் தோட்டச்செடி. பச்சை இலையும் பூவும் சேர்ந்து மணப்பதுபோல இருக்கும்.

மல்லிகை என்று வந்துவிட்டால் எங்கள் மாவட்டத்தவர்களுக்கு ஒரு சொந்தம் வந்துவிடுகிறது. நாகர்கோவிலில் இருந்து திருநெல்வேலி போகும் சாலையில் தோவாளையில் விடியுமுன்னே பூச்சந்தை கூடிவிடும். பிச்சி, மல்லி, முல்லை, கேந்தி, அரளி, சம்பங்கி, மரிக்கொழுந்து என்று மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். ஓணத்துக்கு முந்திய நாள்களில் கேரளத்து வியாபாரிகள் குவிந்துவிடுவார்கள். பிச்சியின் விலை கேட்டால் நெஞ்சு பதறும். அந்தப் பிச்சிக்கு ஒரு பெருமை உண்டு. தாவரவியலில் அதன் பெயர் ஜாஸ்மினம் கிராண்டிஃப்ளோரம். பிரான்சின் கிராஸ் நகரில் சென்டுக்கென்றே பயிரிடும் மல்லிகையும் அதே இனம்தான். குண்டுமல்லி வேறு, அது ஜாஸ்மினம் சம்பக். எங்கள் அம்மா ஐந்து முழம் கேட்டு நான்கு முழத்துக்குக் காசு கொடுத்துத் தலையில் வைத்துக்கொண்ட பூவும், உலகத்தின் விலையுயர்ந்த சென்டுகளுக்கு உயிர் கொடுக்கும் பூவும் ஒரே இனம் என்று அறிந்த நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

மாலையில் விரிந்த பிச்சி மறுநாள் காலையில் வாடும்போது ஒரு கனத்த வாடை வருமே, இந்தோல் என்ற பொருளுக்கு அதில் பங்கு உண்டு. இயற்கை மல்லிகையில் அது கொஞ்சம் இருக்கும். அது இல்லாவிட்டால் மல்லிகை மல்லிகையாகவே இருக்காது. ஆனால் வெப்பத்தில் அது தலைதூக்கிவிடும். ஓ தாந்த்ரின் மல்லிகையில் அந்தக் கனம் எனக்குத் தெரியவில்லை. கழுவி, ஈரம் போகத் துடைத்து, நிழலில் வைத்த மல்லிகைபோல இருக்கிறது. மணம் என்ற அளவில் எனக்கு அதிகம் பிடித்தது ஓ தாந்த்ர்தான் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆடி மாதம் சாரல் பெய்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை மாலை அதைப் பூசிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். மூன்று மணி நேரம் கழித்தும் மணிக்கட்டில் பவுடர் போட்ட குழந்தையின் கன்னத்தைப்போல ஒரு மணம் நின்றது. மகள் அந்த மணிக்கட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு விடவே இல்லை. அவளுடைய ஓட்டு இன்றுவரை ஓ தாந்த்ருக்குத்தான்.

ஆனால் தம்பியிடம் நான் கேட்பது வெயில் காலத்துக்கு ஒரு சென்ட். அதனால் பங்குனியில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

ஒரே நாளில் இடது முழங்கையின் உட்பக்கம் பிரைட் கிரிஸ்டல், வலது முழங்கையின் உட்பக்கம் ஓ தாந்த்ர், ஒவ்வொரு தடவை மட்டும் அழுத்தி, ஏழரை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினேன். வீட்டு வாசலில் வலது கை வென்றது. கிரேப்ஃப்ரூட்டின் கசப்பும் குவின்ஸின் பழுத்த இனிப்பும் ஒன்றையொன்று பிடித்து நிறுத்தி, அவ்வளவு அழகாக இருந்தன. இடது கையில் யூசு ஒரு கணம் பளீரென்று அடித்தது. சோப்பு நுரையின் சாயலும் தெரிந்தது. வில்லுக்குறி தாண்டும்போது பஸ் நிறைந்துவிட்டது. ஜன்னலோரம் கிடைக்கவில்லை. எட்டரைக்குள் கிரேப்ஃப்ரூட் போய்விட்டது. பிடித்து நிறுத்தக் கசப்பு இல்லாமல் போனதும் குவின்ஸின் இனிப்பு தனியாக நின்று தடித்துவிட்டது. வியர்வையும் தலையில் தேய்த்த தேங்காய் எண்ணெயும் அதனோடு சேர்ந்தபோது, காலையில் இருந்த மென்மை எங்கே போனது என்று தேட வேண்டியிருந்தது. கெட்ட வாசனை என்று சொல்லமாட்டேன். வாயில் போட்ட மிட்டாய் கரைந்து பிசுபிசுத்துப் போனதுபோல, அவ்வளவுதான்.

இடது கையிலும் யூசு போய்விட்டது. ஆனால் அதற்குப் பின்னால் வந்த பியோனியும் தாமரையும் மெலிந்தவை. வெப்பத்தில் பொங்கினாலும் கனப்பதற்கு அவற்றிடம் சரக்கு இல்லை. மாதுளையின் இலேசான துவர்ப்பு மிஞ்சியிருந்தது. பக்கத்தில் நின்ற அம்மாள் ஒருவர், “என்ன சோப்பு போடுகிறீர்கள் டீச்சர்?” என்று கேட்டார். ஒரு வேலைநாளுக்கான சென்டுக்கு இதைவிட நல்ல பாராட்டு எனக்குத் தெரியாது. சென்ட் என்றே தெரியாமல், குளித்துவிட்டு வந்தவள் என்று மட்டும் தெரிகிறது.

பத்தரை மணிக்கு இடைவேளையில் பார்த்தபோது பிரைட் கிரிஸ்டல் எனக்குத் தீர்ந்துபோனதாகவே பட்டது. ஓ தாந்த்ர் இன்னும் இருந்தது. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். கஸ்தூரி மணம் தரும் பொருள்கள் பெரிய மூலக்கூறுகள், மெதுவாக ஆவியாகிறவை. அவற்றில் சிலவற்றைச் சிலருடைய மூக்கால் உணரவே முடியாது. நாள் முழுவதும் கூடவே இருக்கும் மணத்துக்கு மூக்கும் பழகிப்போகும். மாலை வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரரிடம் இரண்டு கைகளையும் நீட்டினேன். இடது கையில் இன்னும் இருக்கிறது என்றார். ஆகவே ‘நிற்கவில்லை’ என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் அடுத்தவர் மூக்கையும் கேட்டுவிட வேண்டும். அப்படிக் கேட்ட பிறகும், நேரக் கணக்கில் ஓ தாந்த்ர்தான் கொஞ்சம் முன்னே என்பது என் குறிப்பேட்டுக் கணக்கு. பிரைட் கிரிஸ்டல் பூசினால் மதியத்துக்கு மேல் ஒரு தடவை புதுப்பிக்க வேண்டிவரும். வெயில் காலத்தில் அது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. முகம் கழுவி, கழுத்தைத் துடைத்து, புதிதாக ஒரு தடவை அழுத்திக்கொண்டால் நாள் மறுபடி தொடங்கியதுபோல இருக்கிறது. வியர்வைமேல் அழுத்துவது மட்டும் கூடாது. எந்தச் சென்டும் வியர்வையை வெல்லாது, அதோடு கலந்து இரண்டையும் கெடுக்கும்.

காற்றைப் பற்றியும் ஒரு குறிப்பு. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் எந்தச் சென்டும் நிற்காது. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளைச் சுழற்றுகிற காற்று, உங்கள் கழுத்தில் இருக்கும் துளியையா விட்டுவைக்கும்? ஆடியில் அந்தப் பக்கம் ஒரு திருமணத்துக்குப் போனபோது இரண்டும் அரை மணி நேரத்தில் போய்விட்டன. முட்டம், கன்னியாகுமரிக் கடற்கரைகளில் நிலை வேறு. உப்புக்காற்றோடு சேரும்போது பிரைட் கிரிஸ்டலின் நீர்த்தன்மை கூடித் தெரிகிறது. பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சூரியன் மறையும் நேரத்தில் முட்டத்துப் பாறைகளின்மேல் நின்றபோது, இந்த மணத்தை இந்த இடத்துக்கென்றே கட்டினார்களோ என்று நினைத்தேன்.

தலையில் பூ வைத்திருக்கும் நாளுக்கு என்ன செய்வது? இதைப் பற்றி வெளிநாட்டு விமர்சனம் எதிலும் நான் படித்ததில்லை, நமக்கோ இது தினசரிக் கேள்வி. ஓ தாந்த்ரின் மல்லிகையும் தலையில் இருக்கும் பிச்சியும் ஒரே பக்கம் இழுக்கின்றன. உண்மையான பூ வென்றுவிடுகிறது, விலை கொடுத்து வாங்கிய மல்லிகை அதற்குள் மூழ்கிவிடுகிறது. காசும் போயிற்று, மணமும் போயிற்று. பிரைட் கிரிஸ்டல் பூவோடு போட்டி போடுவதில்லை. பிச்சியின் இனிப்புக்குப் பக்கத்தில் மாதுளையின் துவர்ப்பு தனியாக நிற்கிறது. ஆனாலும் ஒரு பந்து குண்டுமல்லி வைத்துக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிற நாளில் இரண்டுமே வேண்டாம் என்பதுதான் என் கட்சி. அன்றைக்குச் சென்ட் பூசுவது பாயசத்தில் சர்பத் ஊற்றுவது மாதிரி.

துணி விஷயத்தில் இரண்டுக்கும் ஒரே எச்சரிக்கைதான். இரண்டும் நிறமேற்றிய திரவங்கள். ஓணத்துக்கும் விஷுவுக்கும் உடுத்தும் கசவுச் சேலையிலோ பட்டிலோ நேரடியாக அடித்தால் கறை விழக்கூடும். தோலில் பூசிக் காயவிட்டு அப்புறம் உடுத்துங்கள். எலுமிச்சை இனத்து எண்ணெய்களில் சில, வெயில் பட்டால் தோலில் கருமையை உண்டாக்கும் தன்மை கொண்டவை என்பதால், கழுத்தின் முன்பக்கம் பூசிக்கொண்டு உச்சிவெயிலில் நடக்காமல், துணி மூடும் இடங்களில் பூசுவதை நான் வழக்கமாக்கிக்கொண்டேன்.

விலையில் ஓ தாந்த்ர் நன்றாகவே மேலே நிற்கிறது. மழைக்கும் மாலைக்கும் அந்தக் கூடுதல் காசுக்கு அது தகுதியானதுதான். வெயில் காலத்துக்கு அல்ல, ஏனென்றால் அந்தக் காசு வாங்கித் தருகிற மென்மையைச் சித்திரை வெயில் முதல் ஒரு மணி நேரத்திலேயே பறித்துவிடுகிறது.

குப்பியின் பெயரைச் சரியாகப் படித்து வாங்கும்படியும் தம்பிக்கு எழுதினேன். பிரைட் கிரிஸ்டல் அப்சலூ என்று 2013இல் வந்த ஒன்று இருக்கிறது. அது ஓ டி பர்ஃப்யூம், செறிவு கூடியது, ராஸ்பெரி இனிப்பும் சேர்ந்தது. ஓ தாந்த்ரிலும் 2019இல் ஷாக் போல்ஷின் மகன் ஒலிவியே போல்ஷ் ஓ டி பர்ஃப்யூம் ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் ரோஜா கூடுகிறது. நான் ஒப்பிட்டவை இரண்டும் ஓ டி டாய்லெட், செறிவு குறைந்தவை. பலரும் செறிவு கூடினால் நல்லது என்று நினைத்து ஓ டி பர்ஃப்யூம் கேட்கிறார்கள். எங்கள் ஊர் வெயிலுக்குச் செறிவு குறைந்ததை இரண்டு தடவை பூசுவதுதான் சுகம். செறிந்ததை ஒரு தடவை பூசிவிட்டு நாள் முழுவதும் அதைச் சுமக்க வேண்டியதில்லை.

உள்ளூரிலேயே வாங்கிவிடலாமே என்று கேட்கலாம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று ஆசைப்பட்டு வேறொரு பெயர் பெற்ற சென்டை வாங்கினேன். பெட்டியும் குப்பியும் அச்சு அசல். மணம் கால் மணி நேரம்கூட நிற்கவில்லை, கழுத்தில் தடிப்பு வந்ததுதான் மிச்சம். பெட்டியில் அச்சிட்ட தொகுதி எண்ணும் குப்பியின் அடியில் உள்ள எண்ணும் ஒத்துப்போகவில்லை என்பதை அதற்குப் பிறகுதான் கவனித்தேன். இப்போது யார் வாங்கித் தந்தாலும் முதலில் இரண்டு எண்களையும் பார்க்கிறேன். ஒத்திருந்தால் மட்டும் போதாது, ஒத்திராவிட்டால் நிச்சயம் வேண்டாம்.

அளவு ஐம்பது மில்லி போதும். பெரிய குப்பி மலிவு என்பது கணக்குக்குச் சரி. ஆனால் எலுமிச்சை இனத்து மணங்கள் வெப்பத்திலும் வெளிச்சத்திலும் சீக்கிரம் கெடுகிறவை. குளிரூட்டி இல்லாத வீட்டில் இருநூறு மில்லியை வைத்துக்கொண்டு மூன்று நான்கு வெயில் காலம் ஓட்டினால், கடைசியில் யூசு போய் வெறும் சர்க்கரைத் தண்ணீர்தான் மிஞ்சும். கைப்பையில் எடுத்துவருவதானாலும் விமானத்தில் திரவக் குப்பி நூறு மில்லிக்கு மேல் போகக்கூடாது.

நேற்று இரவு தம்பிக்குச் செய்தி அனுப்பிவிட்டேன்: பிரைட் கிரிஸ்டல், ஓ டி டாய்லெட், ஐம்பது மில்லி, அப்சலூ வேண்டாம். மகளுக்கு இதில் வருத்தம்தான். மரபீரோவின் கீழ்த்தட்டில், வெளிச்சம் படாத மூலையில், பெட்டியோடு வைக்க இடம் ஒதுக்கியாயிற்று. ஓ தாந்த்ர் குப்பியில் இன்னும் நான்கைந்து தடவை அழுத்தும் அளவு மிச்சம் இருக்கிறது. அதை அவளும் நானும் ஆடிச் சாரலுக்கு எடுத்து வைத்திருக்கிறோம்.